பாட்டுப் பெட்டியின் புது முகம்

சேரம்பாடி
12-2-2003

திரு. வெற்றிச்செல்வன், ரேடியோ செட் உரிமையாளர், எமரால்டு பஜார் அவர்களுக்கு,

அக்காவுக்கு என்ன வந்தது, இப்படி எழுதுகிறாளே என்று நினைப்பாய். நினைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை என் மகளின் நிச்சயத்தில் நீ செய்த வேலைக்கு "அன்புத் தம்பி" என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பூசாரி நிச்சயப் பத்திரிகையைக் கையில் எடுத்தார். பாட்டை நிறுத்தச் சொல்லி உன் அத்தான் கையைத் தூக்கினார். நீயும் பார்த்தாய், தலையை ஆட்டினாய், நான் கண்ணால் கண்டேன். உடனே நாலு ஸ்பீக்கர் குழாயிலும் ஒப்பாரி. "தேரு கட்டிப் போறியே என் தங்கமே" என்று நம் ஆண்டாயியின் குரல். எஸ்டேட் லயத்து வீடுகளில் சாவு விழுந்தால் முதல் ஆளாக அழ உட்காருகிறவளின் குரலைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் உண்டா? அந்த ஆண்டாயியோ பந்தலில் மூன்றாவது வரிசையில் வாய் நிறைய வெற்றிலையோடு உட்கார்ந்திருக்கிறாள். அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்க்கிறார்கள். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நான் வாயே தெறக்கலையே சாமி!" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். நீ மறுபடி எதையோ அமுக்கினாய். நிற்குமென்று பார்த்தால் இன்னொரு ஒப்பாரி!

மாப்பிள்ளையின் அம்மா சாந்தாமணி எழுந்தே விட்டாள். "இது என்னா நிச்சயமா, எழவா?" என்றாள். தட்டு மாற்றவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று தேவாலாவுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். ராஜகுமாரி அந்தப் பட்டுப்புடவையைக்கூட அவிழ்க்காமல் விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

நீ ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியும். கார்த்திகையில் நீயும் உன் பெண்டாட்டி வாசுகியும் வந்து, வாசுகியின் அத்தை மகன் ரவிக்குமாருக்கு ராஜகுமாரியைக் கேட்டீர்கள். பிரௌசிங் சென்டரில் உட்காருகிற வேலை ஊர்ஜிதமில்லாத வேலை என்று நான் சொல்லிவிட்டேன். அன்றைக்கு வாசுகி டீயைக் குடிக்காமல் கீழே வைத்தாள். மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா?

தாய்மாமன் சீராக நீ வைத்த புடவையை அடுத்த வீட்டுக் காத்தாயியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவள் மகளைப் பார்க்க எமரால்டு வருகிறாள். வாங்கிக்கொள்.

ராக்கம்மா பரமசிவன்

*

எமரால்டு
17-2-2003

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி வேண்டுமானாலும் எழுது, நான் இப்படித்தான் எழுதுவேன். உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியவில்லை. டேம் பக்கம் போய்ப் படித்தேன்.

நான் ஓடிப்போய்விட்டதாக நினைத்திருப்பாய். வயரைப் பிடுங்கிவிட்டு உன்னிடம்தான் வந்தேன். அத்தான் குறுக்கே நின்று, "போயிடு வெற்றி, இப்ப போயிடு" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எப்படி நிற்பது?

அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், அது பொத்தான் செய்த வேலை. கேஸட் காலம் போய் நான் கம்ப்யூட்டரில் பாட்டுப் போடுவது உனக்குத் தெரியும். இங்கே மூடிப்போன ஓர் எஸ்டேட்டின் ஆபீஸ் சாமான்களை ஏலம் போட்டபோது எடுத்த பழைய கம்ப்யூட்டர். அதில் பாட்டைப் போடுவதற்கென்று ஒரு பிளேயர் உண்டு. கறுப்பு முகம், பச்சை எழுத்து, அடியில் வரிசையாகப் பொத்தான்கள். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். நிச்சயத்துக்கு முந்தின நாள் ஒரு கம்ப்யூட்டர் கடைப் பையன் வந்து, புது பிளேயர் வந்திருக்கிறது, கம்ப்யூட்டர் மாத இதழோடு இலவச சிடி கொடுத்தார்கள் என்று அதை ஏற்றிவிட்டான். ஏற்றினதும் பார்க்கிறேன், முகமே மாறிப்போயிற்று! வெள்ளி நிறம், எங்கே பார்த்தாலும் வளைவு, எழுத்தெல்லாம் எறும்பு அளவு. யார் கேட்டார்கள் இதை? நன்றாக இருந்ததை எதற்குக் கெடுக்க வேண்டும்? வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். ஆனால் பாட்டு வந்தது. வந்தால் சரி, விடியற்காலையில் கிளம்ப வேண்டுமே என்று ஜீப்பில் ஏற்றிவிட்டேன்.

அங்கேதான் தப்பு. நிறுத்துகிற பொத்தான் இருந்த இடத்தில் புதியதில் வேறு ஒரு பொத்தானை வைத்திருக்கிறார்கள். அதை அமுக்கினால் பெட்டியில் கிடக்கிற பாட்டில் எதையாவது ஒன்றை அதுவாகவே எடுத்துப் பாடும். சரியாக ஒப்பாரியே ஏன் வந்தது என்று கேட்பாய். பெட்டியில் பாதிக்குப் பாதி சாவுப் பாட்டுதான் அக்கா, சாவு வீடுகளில் ஆண்டாயி பாடி நான் பதிவு செய்ததும் சேர்த்து. தேயிலைக் கொழுந்து விலை விழுந்ததிலிருந்து கல்யாணத்துக்கு யார் குழாய் கட்டுகிறார்கள்? இரண்டு வருஷமாக நான் சாப்பிடுவது சாவு வீட்டுச் சோறு.

பழையதையே திரும்பப் போட வேண்டியதுதானே என்பாய். அது ஆபீஸ் கம்ப்யூட்டரோடு வந்தது. அதற்கு சிடி கிடையாது.

ராஜகுமாரியை நான் தோளில் தூக்கி வளர்த்தேன். அவளுக்கு நான் கெடுதல் செய்வேனா? யோசித்துப் பார்.

தம்பி
வெற்றி

*

சேரம்பாடி
24-2-2003

வெற்றிச்செல்வனுக்கு,

யோசித்தேன். யோசிக்க யோசிக்கத்தான் சந்தேகம் கூடுகிறது.

"ஒரு கம்ப்யூட்டர் கடைப் பையன்" என்று எழுதியிருக்கிறாய். நீ வீட்டுக்கு வருகிற பால்காரரின் பேரன் பெயரையும் சேர்த்து எழுதுகிற ஆள். இந்தப் பையனுக்கு மட்டும் பெயர் இல்லையா? என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். காத்தாயி திரும்பி வந்தாள். புடவையைக் கொடுக்க உன் கடைக்குப் போனபோது நீ வெளியே போயிருந்தாயாம். உன் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது யார்? ரவிக்குமார்! "வாங்க அம்மணி, உக்காருங்க, அண்ணன் இப்ப வந்துருவாருங்க" என்று நாற்காலி போட்டானாம். இரண்டு கேள்வி கேட்டாள் காத்தாயி, அவளைத் தெரியாதா உனக்கு. புது பிளேயரை ஏற்றினது அவன்தான் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான்.

நான் பெண் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன அதே பையன், என் மகள் நிச்சயத்துக்கு முந்தின நாள், உன் பெட்டிக்குள் கையை விட்டு எதையோ மாற்றியிருக்கிறான். மறுநாள் ஒப்பாரி. இதை நான் பொத்தான் செய்த வேலை என்று நம்ப வேண்டும். எனக்குக் காது குத்தியாயிற்று தம்பி, இங்கே குடிவருமுன் இலங்கையிலேயே குத்திவிட்டார்கள்.

இன்னொன்று. உன் கம்ப்யூட்டர் கண்ணாடியில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறதாம். யாருடைய பொட்டு அது? வாசுகி வைப்பது கறுப்புப் பொட்டு, காத்தாயிக்கே அது தெரியும். மந்திரம் மாயம் என்று யாரிடமாவது போயிருக்கிறாயா? இந்தக் காலத்தில் யாரையும் நம்புவதற்கில்லை.

இங்கே ஆண்டாயி அழுதுகொண்டே திரிகிறாள். நல்ல வீட்டுக்கு இனி அவளை யார் கூப்பிடுவார்கள்? காட்டில் கொழுந்து எடுக்கும்போதுகூட அவளுக்குப் பக்கத்து நிரையில் நிற்க யோசிக்கிறார்கள்.

சாந்தாமணி ஆள் விட்டிருந்தாள். பையன் சுடலைமணிக்கு இந்த இடத்தை விட மனசில்லையாம். திருப்பூரில் பனியன் கம்பெனியிலிருந்து வாரா வாரம் போன் செய்து அம்மாவோடு சண்டை போடுகிறானாம். அவள் ஒரே ஒரு வார்த்தை கேட்கிறாள். செய்தது மெஷினா, மனுஷனா? மனுஷன் இல்லையென்றால் அந்தப் பெட்டியைத் தொட்டவன் மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்யட்டும் என்கிறாள். ரவிக்குமாரைக் கூட்டிக்கொண்டு வா. அவன் அடிக்கட்டும். அடிக்க மாட்டான் என்றால் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ராக்கம்மா

*

எமரால்டு
3-3-2003

அக்கா,

ஆமாம், ரவிதான். பெயரை மறைத்தேன். ஏன் மறைத்தேன்? பெயரைச் சொன்னால் நீ என்ன எழுதுவாயோ, அதையே எழுத்துக்கு எழுத்து எழுதியிருக்கிறாய்.

முதலில் பொட்டு. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாசுகி அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ரேடியோ செட்டை எங்கே வைப்பார்கள்? பந்தலுக்கு வெளியே, வெட்டவெளியில். வெயில் அடித்தால் கம்ப்யூட்டர் திரை முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆகிவிடும். என் மூஞ்சிதான் தெரியுமே தவிர பொத்தான் ஒன்றும் தெரியாது. மவுஸை நகர்த்தினால் அம்பு மட்டும் லேசாகத் தெரியும். அதனால் நிறுத்துகிற பொத்தான் வருகிற இடத்தில் கண்ணாடிமேல் ஒரு பொட்டை ஒட்டி வைத்தேன். கடைத்தெருவில் வாங்கின அட்டைப் பொட்டு, சிவப்பாக இருந்தால் கண்ணுக்குப் படும் என்று. அம்பைக் கொண்டுபோய்ப் பொட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, கண்ணைப் பந்தலில் வைத்திருப்பேன். கை காட்டினால் ஓர் அமுக்கு. மூன்று வருஷமாக இப்படித்தான். உன் மகள் நிச்சயத்திலும் அம்பு பொட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. பின்னால் இருந்த பொத்தான்தான் மாறிப்போயிருந்தது. இதுதான் அக்கா மந்திரம், மாயம்.

ரவியைப் பற்றி எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஜீப்பில் திரும்பி வரும்போதே வந்தது. ஊட்டி தாண்டுவதற்குள் அவனை மனசுக்குள் பத்துத் தரம் அடித்துவிட்டேன். ஆனால் கற்பூரம் அடிக்க வா என்று எப்படிக் கூப்பிடுவேன்? கூப்பிட்டாலே திருடன் என்று சொன்ன மாதிரிதானே? அப்புறம் வாசுகியின் பிறந்த வீட்டு வாசலை நான் மிதிக்க முடியுமா? உனக்குத் தம்பியாக இருப்பதற்கு நான் வாசுகிக்குப் புருஷனாக இல்லாமல் போக வேண்டுமா?

நீ என்னைக் கேட்கிறாய், நானும் ஒன்று கேட்கிறேன். ரவிக்கு நாங்கள் பெண் கேட்ட விஷயம் நம் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. சாந்தாமணிக்கு அது எப்படிப் போயிற்று? அவர்கள் ஜீப்பில் ஏறும்போதே, "கேட்டுக் கெடைக்கலன்னு மாமன்காரன் இப்படிப் பண்றானா?" என்றாளாமே. டிரைவர் சொன்னார். நீ சொல்லியிருக்க மாட்டாய். எஸ்டேட்டில் பாதி நாள்தான் வேலை, கல்யாணத்தை எப்படி நடத்துவது என்று அத்தான் பொங்கலிலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தார். கல்யாணம் தள்ளிப்போனால் யாருக்கு நிம்மதி என்று நீயே யோசி.

வெற்றி

*

சேரம்பாடி
10-3-2003

நீ எழுதின கடிதத்தைத் தபால்காரர், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்திலேயே உன் அத்தானிடம் கொடுத்துவிட்டார். அவர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவந்தார்.

அந்த மனுஷன் கடிதத்தை என் மடியில் போட்டார். சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பெண் கேட்ட கதையைச் சாந்தாமணியிடம் சொன்னது காத்தாயி. லயத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் காதை வைத்தால் எல்லாம் கேட்கும், நீயும் இங்கே வளர்ந்தவன்தானே, தெரியாதா? நிச்சயச் செலவுக்காக உன் அத்தான் தன் சைக்கிளை விற்றார். நடந்துதான் வேலைக்குப் போகிறார். பந்தலில் உன்னைப் போ என்று சொன்னது, மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் உன்மேல் கை வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில். அவரைப் போய்ச் சொன்னாயே, பாவி.

இனி எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

*

எமரால்டு
28-3-2003

அக்கா,

பிரிக்க மாட்டேன் என்றாய். உள்ளே சிடி ஒன்று இருப்பதால் கவர் கனமாக இருக்கும், என்னவோ ஏதோ என்று சந்தேகப்பட்டாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன். உன் குணம் எனக்குத் தெரியாதா.

அத்தானைப் பற்றி எழுதினது என் வாய்க்கொழுப்பு. அதற்கு அவரிடமே தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். உன் நிச்சயத்துக்குப் பிறகு ஒரு நல்ல வீட்டுக்காரனும் என்னைக் கூப்பிடவில்லை. மாசியில் பேசி வைத்திருந்த சீமந்தம்கூடக் கைவிட்டுப் போயிற்று. புது பிளேயரை வைத்துக்கொண்டு சாவு வீட்டுக்குப் போகவும் பயம். அங்கே கும்மிப் பாட்டு வந்துவிட்டால்? உயிரோடு விடுவார்களா? கடையைச் சாத்திவிடலாம் என்று இருந்தேன். ரவிதான் சொன்னான், "அண்ணா, இதோட மூஞ்சிய நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாமுங்க. வேலை செய்யறது உள்ள இருக்கறது, இது மேல போர்த்தின தோலுதானுங்க" என்று. தோல் என்றேதான் அதற்குப் பெயராம்.

நாலு ராத்திரி உட்கார்ந்தோம். அவன் செய்தான். நான் அவனுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கற்றுக்கொள்வதற்காக என்று அவன் நினைத்திருப்பான். நிஜத்தைச் சொன்னால், காவலுக்கு உட்கார்ந்தேன். அவன் எதைத் தொட்டாலும், "இது என்ன? அது எதற்கு?" என்று கேட்டேன். படம் வரைகிற புரோகிராமில் பழைய கறுப்பு முகத்தை நான் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல அவன் வரைந்தான். நிறுத்துகிற பொத்தான் முன்பு இருந்த அதே இடத்தில். இப்போது கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பாக, மேலே தமிழில் "நிறுத்து" என்று. தானாகப் பாட்டு எடுக்கிற அந்தச் சனியன் பொத்தானை எங்கே வைக்கட்டும் என்றான். எங்கேயும் வைக்காதே என்றேன். முகத்திலேயே இல்லாமல் எடுத்துவிட்டான். பச்சை எழுத்து மட்டும் பழைய பச்சையாக வரவில்லை. வாழை இலைப் பச்சை என்கிறேன், அவன் பாசிப் பச்சையைக் காட்டுகிறான். அதற்கு ஒரு சண்டை.

இனிமேல்தான் விஷயம். கடைசி நாள் வேலை முடிந்து அவன் திரையைத் துணியால் துடைத்தான். துடைத்துக்கொண்டே, "ஏனுங்ணா, இந்தப் பொட்டு என்னத்துக்குங்க இங்க ஒட்டியிருக்கு? உங்க பாப்பா ஒட்டுச்சுங்களா? சுரண்டி எடுத்தறட்டுங்களா?" என்றான். நகத்தை வைத்தே விட்டான். நான் கத்தின கத்தலில் துணியைக் கீழே போட்டுவிட்டான்.

அக்கா, நான் பொட்டை வைத்துத்தான் நிறுத்துகிறேன் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. தெரியாதவன் பொட்டுக்குப் பின்னால் எந்தப் பொத்தான் வரும் என்று எப்படித் திட்டம் போடுவான்? கம்ப்யூட்டரைப் பார்த்து ஓட்டுகிறவன் அவன். பார்க்காமல் ஓட்டுகிற ஆள் ஒருவன் இருப்பான் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது. இத்தனை நாள் அவனைச் சந்தேகப்பட்டு அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேனே என்று வெட்கப்பட்டு, கீழே விழுந்த துணியை நானே எடுத்துக் கொடுத்தேன். அவனிடம் எதுவும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

சிடியில் புது பிளேயர், அதன்மேல் போர்த்துவதற்கு நாங்கள் செய்த தோல், கொஞ்சம் பாட்டு எல்லாம் இருக்கிறது. ஆண்டாயி பாடினதும் இருக்கிறது. பந்தலூரில் பிரௌசிங் சென்டர் வந்திருக்கிறதாமே. போய்ப் போடச் சொல். முதலில் தோலைப் போர்த்தி, "நிறுத்து" பொத்தான்மேல் நீயே ஒரு பொட்டை ஒட்டு. பிறகு தோலை எடுத்துவிட்டு, அதே பொட்டுக்குப் பின்னால் அம்பை வைத்து அமுக்கிப் பார். உன் கையாலேயே பார்.

தம்பி
வெற்றி

*

சேரம்பாடி
16-4-2003

தம்பிக்கு,

கவரைப் பிரித்தேன். சந்தேகப்பட்டுத்தான் பிரித்தேன், நீ சொன்ன மாதிரியே. அந்தச் சிடியை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு வாரம் வைத்திருந்தேன். நீ அனுப்பின சிடி, நீ நினைத்ததுதானே அதில் இருக்கும்? நீயும் ரவிக்குமாரும் உட்கார்ந்து உங்களுக்குத் தோதாகச் செய்து அனுப்பியிருந்தால் எனக்கு என்ன தெரியும்? ராஜகுமாரிதான் விடவில்லை. "பாக்காமயே இல்லங்கிறியேம்மா" என்று ஒரே பிடி.

சரி, பார்க்கிறதென்றால் சாந்தாமணியும் பார்க்கட்டும் என்று தேவாலாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வருவாளோ மாட்டாளோ என்று இருந்தது. வந்தாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, கொண்டையில் பூகூட இல்லாமல், ஏதோ கோர்ட்டுக்கு வந்த மாதிரி வந்தாள். பந்தலூர் சென்டரில் எங்கள் மூன்று பேரையும் பார்த்து அங்கே இருந்த மலையாளப் பெண் பிள்ளை, "எந்தா வேண்டே, அம்மே?" என்றாள். பாட்டு நிறுத்த வேண்டும் என்றேன். பாட்டுப் போட வருகிறவர்களைப் பார்த்திருப்பாள், நிறுத்த வந்தவர்களை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

நான் என் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டினேன். தோல் போர்த்தின முகத்தில் அமுக்கினால் பாட்டு நின்றது. சாந்தாமணி, "தள்ளு, நான் அமுக்குறேன்" என்றாள். அவளுக்கும் நின்றது. தோலை எடுக்கச் சொன்னேன். வெள்ளி முகம் வந்தது. அசிங்கமாகத்தான் இருக்கிறது, அதில் நீ சொன்னது நிஜம். பொட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. சாந்தாமணி அமுக்கினாள். நிற்கவில்லை, அம்மன் பாட்டு வந்தது. மறுபடி அமுக்கினாள். ஆண்டாயி! அந்தச் சின்ன அறையில் "தேரு கட்டிப் போறியே" என்று அவள் குரல் எழும்பினதும் மற்ற கம்ப்யூட்டர்களில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். சென்டர்க்காரப் பிள்ளை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். சாந்தாமணி பயந்து இன்னொரு தரம் அதே இடத்தை அமுக்குகிறாள். உன் மாதிரியேதான், வேறு இடத்துக்குப் போகத் தோன்றவில்லை அவளுக்கும்.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். சாந்தாமணி டீயைக் குடித்து முடித்தாள். பிறகு அவளாகவே சொன்னாள்: "நாம கொழுந்த எடுத்துப் பின்னால கூடையில போடுறோம். என்னைக்காச்சும் திரும்பிப் பாத்தா போடுறோம்? எவனாச்சும் கூடைய அவுத்துட்டு வேற எதையாச்சும் மாட்டி வச்சிருந்தா, அதுலதான போடுவோம்." அவளும் இருபது வருஷம் கொழுந்து எடுத்தவள். கை பழகின இடத்துக்குத்தான் போகும் என்று அவளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் என்னைவிடப் பெரிய சந்தேகக்காரி அவள். திருப்பூரில் கம்பெனிக் கம்ப்யூட்டரில் அதே புது பிளேயரைப் போட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லி மகனுக்குப் போன் போட்டாள். நீ செய்யாத சிடியாக இருக்க வேண்டுமல்லவா? அங்கேயும் அதே இடத்தில் அதே பொத்தான்தானாம். சுடலைமணியும் இந்தப் புது முகம் வந்ததிலிருந்து அதைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறானாம்.

கற்பூரம் வேண்டாம் என்றுவிட்டாள். வைகாசியில் நாள் பார்த்திருக்கிறோம். போன ஞாயிறு எங்கள் வீட்டிலேயே சத்தமில்லாமல் தட்டு மாற்றிக்கொண்டோம். ஆண்டாயியை நானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தேன். சாந்தாமணியே அவளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள்.

ரவிக்குமாரைப் பற்றி நீ எழுதினதைப் படித்தேன். பொட்டு தெரியாதவன் திட்டம் போட முடியாது, சரி. ஆனாலும் நிச்சயத்துக்கு முந்தின நாள் வந்து அதை ஏன் மாற்ற வேண்டும்? நல்லது செய்வதாக நினைத்துச் செய்திருப்பான் என்று ராஜகுமாரி சொல்கிறாள். இருக்கலாம். எனக்கு இன்னும் அரை மனசுதான்.

ராக்கம்மா

*

எமரால்டு
22-4-2003

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசுகியிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். டீக்கடை வரைக்கும் வந்ததும் அழுதுவிட்டாள். நானும்தான்.

ஆனால் முழுக்கப் படித்த பிறகு எனக்கு ஒன்று உறுத்தியது. தட்டு மாற்றியது முடிந்து எனக்கு எழுதுகிறாய். போன தடவை தாய்மாமன் இருந்து கெட்டது, இந்தத் தடவை இல்லாமலே நடக்கட்டும் என்று நினைத்தாயா? கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று கூடலூர் பஸ் கண்டக்டர் ஒரு செய்தி சொன்னார். கல்யாணத்துக்குத் தேவாலாக்காரன் ஒருவனிடம் ரேடியோ செட் பேசிவிட்டாயாமே? பத்திரிகைகூட அச்சுக்குப் போய்விட்டதாமே?

அந்தத் தேவாலாக்காரன் செட்டைப் பற்றி எனக்குத் தெரியும். அவன் குழாயில் பாட்டு வருவதைவிட இரைச்சல்தான் அதிகம். என் கம்ப்யூட்டரில் இப்போது ஒரு தப்பும் வராது. ஆண்டாயி பாட்டையெல்லாம் தனிச் சிடியில் எடுத்து வைத்துவிட்டேன், பெட்டியில் ஒப்பாரி ஒன்றுகூட இல்லை. "நிறுத்து" பொத்தானுக்குக் கீழே ராஜகுமாரி சுடலைமணி என்று இரண்டு பெயரையும் பூப்போட்டு எழுதி, கல்யாணத்துக்கென்றே ஒரு தனி முகம் ரவி வரைந்து வைத்திருக்கிறான். பாவம், அவனாகவே வரைந்தான். காசு வாங்க மாட்டேன். சீராக நினைத்துக்கொள்.

மெஷினை நம்பிவிட்டாய், என்னை நம்பவில்லையா அக்கா? பத்திரிகையில் தாய்மாமன் என்று யார் பெயர் போட்டிருக்கிறாய்? அதை மட்டும் எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

வெற்றி

*

சேரம்பாடி
2-5-2003

அன்புத் தம்பி வெற்றிக்கு,

பத்திரிகை உள்ளே வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்துவிட்டு மேலே படி.

பார்த்தாயா? உன் பெயர்தான். வாசுகி பெயரும். வேறு யார் பெயரைப் போடுவேன், கூறுகெட்டவனே? அச்சுக்குக் கொடுக்கும்போது உன் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னது உன் அத்தான். நீ அவருக்கு எழுதின கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். என்ன எழுதினாய் என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறார்.

கண்டக்டர் சொன்னதும் நிஜம்தான். தேவாலாக்காரனுக்கு வெற்றிலை பாக்கு கொடுத்தாயிற்று. அவன் குழாய் இரையும், எனக்குத் தெரியும். இரையட்டும். பூப்போட்ட முகத்தை ராஜகுமாரி பார்க்க வேண்டுமென்றால் மறுவீட்டுக்கு எமரால்டு வரும்போது பார்த்துக்கொள்வாள். வரைந்த பையனையும் கல்யாணத்துக்குக் கூட்டிவா, பந்தியில் நானே பரிமாறுகிறேன். ஆனால் தேவாலாக்காரன் பெட்டிப் பக்கம் அவன் போகக் கூடாது. சொல்லிவிட்டேன்.

உன்னை நம்பாமல் வேறு செட் பேசினேன் என்று நினைத்து எத்தனை நாள் தூங்காமல் இருந்தாயோ. இந்தச் சந்தேகம் நம் குடும்பத்தில் எல்லாருக்கும் இருக்கிறது போல. நான் பேசினது வேறு காரணத்துக்கு. போன தடவை பந்தலில் ராஜகுமாரியை மணையில் உட்கார வைத்தது யார் தெரியுமா? உன் அத்தானின் ஒன்றுவிட்ட தம்பி. நீ வெயிலில், வயருக்கு நடுவில், மவுஸைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பத்து வருஷமாக எந்த வீட்டு விசேஷம் என்றாலும் நீ பந்தலுக்கு வெளியேதான். யாரும் உன்னை உள்ளே கூப்பிட்டதில்லை, நீயும் வந்ததில்லை. இவள் விஷயத்தில் அப்படி விட மாட்டேன். முதல்நாளே வந்துவிடு. வேட்டி கட்டிக்கொண்டு, கையில் ஒன்றும் இல்லாமல் வா.

தாய்மாமன் எங்கே என்று சம்பந்தி வீட்டில் கேட்பார்கள். குழாயைக் கையால் காட்ட என்னால் முடியாது.

உன் அக்கா
ராக்கம்மா